நேர்காணலில் என் பழைய வீடியோவைக் காட்டிக் கேட்டார்கள். இன்ஸ்டாகிராம் கணக்கை அழித்துவிடலாமா?

கேள்வி: ஹட்டிக்காரி, கட்டபெட்டு

வணக்கம். கட்டபெட்டுப் பக்கம் ஒரு ஹட்டியில் (படுகர் ஊர்) இருக்கிறேன். உதகை அரசு கலைக் கல்லூரியில் பி.காம். முடித்துவிட்டு, குன்னூரில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் டேலி (கணக்கு மென்பொருள்), ஜி.எஸ்.டி. வேலைகள் பழகினேன். அங்கே சம்பளம் என்று சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் கிடையாது. பஸ் செலவுக்குச் சரியாக இருந்தது. இப்போது வேறு வேலை தேடுகிறேன்.

எங்கள் வீட்டுக்கு ஒன்றரை ஏக்கர் தேயிலை இருக்கிறது. 2023 செப்டம்பரில் பசுந்தேயிலைக்குக் கட்டுப்படியாகும் விலை கேட்டு நீலகிரியில் சிறு விவசாயிகள் தொடர் உண்ணாவிரதம் இருந்தது பலருக்கும் நினைவிருக்கும். அப்போது நான் கல்லூரி மாணவி. அப்பா வருடக்கணக்கில் எழுதிவரும் கணக்கு நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு, பறிப்புக் கூலி, உரம், கவாத்து, வண்டி வாடகை எல்லாம் போக அந்த மாதம் எங்கள் வீட்டுக்கு மிஞ்சியது என்ன என்று வரி வரியாக வாசித்து ஒரு வீடியோ போட்டேன். முடிவில் கொஞ்சம் கோபமும் வந்துவிட்டது. "எடை போடும்போது கழிவு என்று பிடிக்கிறீர்களே, அந்தக் கழிவைத் திருப்பிக் கொடுங்கள், நாங்களே காய்ச்சிக் குடிக்கிறோம்" என்று சொன்னேன். எந்தத் தொழிற்சாலையின் பெயரையும் சொல்லவில்லை. அந்த வீடியோ ஹட்டி ஹட்டியாக வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றியது.

போன மாதம் குன்னூரில், தேயிலை வாங்கி விற்கும் ஒரு நிறுவனத்தில் கணக்குப் பிரிவுக்கு நேர்காணல். ஜி.எஸ்.டி. கேள்விகளுக்கெல்லாம் ஒழுங்காகவே பதில் சொன்னேன். முடியும் நேரத்தில், ஓரமாக உட்கார்ந்திருந்தவர் தம் போனைத் திருப்பி என் பக்கம் நீட்டினார். "இது நீங்கள்தானே?" என்றார். ஆமாம் என்றேன். "நாளைக்கு எங்களைப் பற்றியும் இப்படி ஒரு வீடியோ வருமா?" என்று கேட்டார். மற்றவர்கள் சிரித்தார்கள். "அப்படியெல்லாம் இல்லை சார்" என்று மட்டும்தான் வாயில் வந்தது. அதற்குப் பிறகு அங்கிருந்து தகவல் இல்லை.

அடுத்து கோவையில் மருத்துவப் பொருள்கள் விநியோகிக்கும் ஒரு நிறுவனத்தில் ஆன்லைன் நேர்காணல் வருகிறது. அவர்கள் அனுப்பிய படிவத்தில் "சமூக ஊடகக் கணக்குகள்" என்று ஒரு கட்டமே இருக்கிறது. கோத்தகிரியில் ஒரு ரிசார்ட்டின் வரவேற்புப் பிரிவுக்கும் விண்ணப்பித்திருக்கிறேன்.

கணக்கில் வேறு என்ன இருக்கிறது என்றும் சொல்லிவிடுகிறேன். ஹெத்தை அம்மன் திருவிழாப் படங்கள், கல்யாண வீட்டில் ஆடிய ஆட்டம், டால்பின் நோஸில் பிளாஸ்டிக் பாட்டிலை வீசிவிட்டுப் போன சுற்றுலாக்காரர்களைத் திட்டிய ஒரு பதிவு (கார் எண் தெரியும்), ஆடிட்டர் அலுவலகத்தில் மார்ச் மாத இரவுகளில் எடுத்த மேசைப் படங்கள், தேர்தல் நேரத்தில் யாரோ ஒருவரோடு நீண்ட சண்டை.

அத்தை மகன் எல்லாவற்றையும் அழி என்கிறான். தோழி பிரைவேட் ஆக்கினால் போதும் என்கிறாள். அம்மாவுக்கு நான் அரசுத் தேர்வு எழுத வேண்டும், அவ்வளவுதான். அந்தப் படிவத்தில் என்ன எழுதுவது? இதையெல்லாம் பார்க்க அவர்களுக்கு உரிமை இருக்கிறதா?

பதில்: லேம்ஸ்ராக்

அழித்துவிடுங்கள். இந்த மலையில் தேயிலைத் தொழிலில் இருப்பவர்கள் எல்லோரும் ஒருவருக்கொருவர் தெரிந்தவர்கள். குன்னூர் பெட்போர்டில் காலையில் பேசியது மாலைக்குள் கோத்தகிரிக்குப் போய்விடும். வேலை கிடைத்த பிறகு புதிதாகக் கணக்கு தொடங்கிக்கொள்ளலாம். உரிமை, சட்டம் என்று இங்கே நீளமான பதில்கள் வரும், பாருங்கள். எழுதுபவர்களில் யாரும் உங்களுக்குச் சம்பளம் தரப்போவதில்லை.

பதில்: அரவேனு அக்கா

லேம்ஸ்ராக் சொன்னதில் முதல் பாதி உண்மை. அந்த உண்மையாலேயே அவர் சொல்லும் வழி பயன்படாது. வீடியோ உங்கள் கணக்கிலிருந்து போய்விட்டாலும் நூறு பேர் போனில் இருக்கும். உங்களிடம் போனை நீட்டினாரே, அவர் உங்கள் இன்ஸ்டாகிராமைத் தேடிப் பார்த்தார் என்று நினைக்கிறீர்களா? 2023இல் அவருடைய வாட்ஸ்அப்புக்கே அது வந்திருக்கும். முகத்தைப் பார்த்ததும் ஞாபகம் வந்திருக்கும்.

கோவையில் ஆள் எடுக்கும் வேலையில் பல வருடம் இருந்தேன். இப்போது அரவேனுவில் வீட்டிலிருந்தபடியே சில நிறுவனங்களுக்கு அதையே செய்கிறேன். மறுபக்கத்தில் என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். எல்லா நிறுவனத்துக்கும் இது பொருந்தும் என்று உறுதி தர மாட்டேன்.

தொடக்கநிலைக் கணக்கர் வேலைக்கு வரும் நூற்றுக்கணக்கான விண்ணப்பங்களில் ஒவ்வொருவரின் இன்ஸ்டாகிராமையும் திறந்து பார்க்க எங்களுக்கு நேரம் கிடையாது. நௌக்ரி வேலைவாய்ப்புத் தளத்தில் தேடுவோம், ரெஸ்யூமே பார்ப்போம், போன் செய்வோம். கடைசியில் நான்கைந்து பேர் மிஞ்சும்போதுதான் பெயரையும் ஊரையும் கூகுளில் போட்டுப் பார்ப்போம். லிங்க்ட்இன் (வேலை, தொழில் தொடர்புகளுக்கான தளம்) இருந்தால் அது முதலில் வரும். அங்கேதான் அதிகம் பேர் மாட்டுகிறார்கள். ரெஸ்யூமேயில் மார்ச் வரை வேலை செய்ததாக இருக்கும்; லிங்க்ட்இனில் டிசம்பரோடு முடிந்திருக்கும். சிலர் பயிற்சியாளராக இருந்ததை "சீனியர் எக்ஸிகியூட்டிவ்" என்று எழுதியிருப்பார்கள். ஆட்டம் ஆடிய வீடியோவுக்காக நான் ஒருவரையும் நிராகரித்தது கிடையாது. தேதி ஒத்துப்போகாமல் நிராகரித்தது நிறைய.

அடுத்ததாகப் பார்ப்பது, பழைய நிறுவனத்தின் உள் விஷயத்தை வெளியே போட்டிருக்கிறாரா என்பது. கணக்குப் பிரிவுக்கு வருபவரிடம் இதைக் கட்டாயம் பார்ப்போம். மூன்றாவது, யாரையாவது சாதி சொல்லியோ பெண் என்றோ இழிவாக எழுதியிருக்கிறாரா. அப்படி ஒன்று கண்ணில் பட்டால் எனக்கு அதற்கு மேல் ஒன்றும் தேவையில்லை. அரசியல் கருத்தைப் பொறுத்தவரை நான் பார்ப்பதில்லை, பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். தேர்தல் சண்டையில் நீங்கள் பேசியது கொள்கையா, ஏச்சா என்று நீங்களே ஒரு தடவை படித்துப் பாருங்கள்.

இதில் அசிங்கமான பகுதி ஒன்று உண்டு. ரெஸ்யூமேயில் எழுதத் தேவையில்லாத எல்லாமே சமூக ஊடகத்தில் தெரிந்துவிடும்: என்ன சாதி, என்ன மதம், கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறதா, குழந்தை உண்டாகியிருக்கிறதா. ஒரு தடவை பார்த்துவிட்டால் பார்க்காதது போல் முடிவெடுக்க மனிதரால் முடியாது. ஒழுங்கான நிறுவனங்கள் இதற்காகவே சரிபார்ப்பை வெளி நிறுவனத்திடம் விட்டுவிடும். அவர்கள் வன்முறை, வெறுப்புப் பேச்சு, ரகசியக் கசிவு என்று சொல்லிக்கொடுத்த தலைப்புகளில் மட்டும் அறிக்கை தருவார்கள். மற்றதை மேலாளர் கண்ணில் காட்ட மாட்டார்கள். சின்ன நிறுவனங்களில் முதலாளியே இரவில் படுத்துக்கொண்டு பார்ப்பார். கல்யாண ஆட்டத்தையும் நிச்சயதார்த்தத்தையும் நெருங்கியவர்கள் மட்டும் பார்க்கும்படி வைக்கச் சொல்வது இதனால்தான். நீங்கள் ஆடியதில் ஒரு தவறும் இல்லை.

இனி உங்கள் வீடியோ. எல்லோரும் அந்தக் கோப வசனத்தையே பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். நான் அதில் பார்ப்பது, ஒரு பெண் வரவு செலவு நோட்டை வாசித்து, ஒரு கிலோ இலைக்கு அடக்க விலை என்ன என்பதைக் கணக்கே தெரியாதவருக்கும் புரியும்படி சொல்கிறாள். பி.காம். படித்த எத்தனை பேருக்கு அது வரும்? கணக்குப் பிரிவுக்கு ஆள் தேடுபவருக்கு இதைவிட நல்ல சான்று உங்கள் ரெஸ்யூமேயில் இல்லை. என் கணக்கில் இருந்தால் அதை நான் மேலே பொருத்தி வைப்பேன்.

அவர் கேட்ட கேள்விக்கு ஒரு பதில் இருக்கிறது. அதை முன்பே தயார் செய்துகொள்ளுங்கள். "அது என் வீட்டுக் கணக்கு. அதை வெளியே சொல்ல எங்கள் வீட்டுக்கு உரிமை இருந்தது. உங்கள் கணக்கு உங்களுடையது. ஆடிட்டர் அலுவலகத்தில் பல வாடிக்கையாளர்களின் புத்தகங்கள் என் கையில் இருந்தன. ஒன்றும் வெளியே போனதில்லை." இதைச் சிரிக்காமல், மன்னிப்புத் தொனியும் இல்லாமல் சொல்லுங்கள்.

ஆனால் கடைசி வாக்கியம் உண்மையாக இருக்க வேண்டும். அதனால் உங்கள் பட்டியலில் என்னை உறுத்துவது அந்த மேசைப் படங்கள்தான். அவற்றைப் பெரிதாக்கிப் பாருங்கள். பின்னால் கம்ப்யூட்டர் திரையில் டேலி திறந்திருக்கிறதா? வாடிக்கையாளர் பெயரோ தொகையோ படிக்க முடிகிறதா? அப்படியானால் வீடியோவை விட்டுவிட்டு அதை இன்றே எடுத்துவிடுங்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், மனம் நோகாதீர்கள். இலை வாங்கும் தொழிலில் இருக்கும் நிறுவனத்துக்கு, இலை விற்கும் வீட்டுப் பெண்ணைக் கணக்குப் பிரிவில் வைக்கத் தயக்கம் இருக்கலாம். வீடியோ இல்லாவிட்டாலும் அந்தத் தயக்கம் இருந்திருக்கும். கோவை நிறுவனத்துக்கு அந்தக் கவலையே கிடையாது.

பதில்: உதகை வழக்கறிஞர்

உரிமை பற்றிக் கேட்டிருந்தீர்கள். லேம்ஸ்ராக் பொறுத்துக்கொள்ளட்டும்.

நீங்களே பொதுவில் வைத்ததைப் பார்க்க யாருடைய அனுமதியும் தேவையில்லை. 2023இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 3ஆம் பிரிவே, ஒருவர் தாமாகப் பொதுவெளியில் வெளியிட்ட தகவலுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்கிறது. சமூக ஊடகத்தில் தம் கருத்தை எழுதும் ஒருவரையே சட்டம் அதற்கு உதாரணமாகவும் காட்டுகிறது. 2025 நவம்பரில் விதிகள் வந்தன. முதலாளி பொறுப்போடு கையாள வேண்டிய தரவு நீங்கள் படிவத்தில் கொடுப்பது. இன்ஸ்டாகிராமில் திறந்து வைத்திருப்பது அதில் சேராது.

கருத்துச் சுதந்திரம் என்று சொல்வீர்கள். 2015 மார்ச் 24 அன்று உச்ச நீதிமன்றம் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை ரத்து செய்தது. பதிவு எரிச்சலூட்டியது என்பதற்காக அந்தப் பிரிவில் வழக்குப் போட முடியாது. அதெல்லாம் அரசுக்கு எதிரான காப்பு. தனியார் நிறுவனம் "உன்னை எடுக்கவில்லை" என்று சொல்வதை அரசியலமைப்பின் 19ஆம் பிரிவைக் காட்டித் தடுக்க முடியாது. காரணம் சொல்ல வேண்டிய கட்டாயமும் அவர்களுக்குப் பொதுவாக இல்லை.

தொழிற்சாலைப் பெயர் சொல்லாதது நல்லதாயிற்று. பெயர் சொல்லியிருந்தால் அவதூறு என்று யாராவது கிளம்பலாம். பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சம்ஹிதாவில் இப்போது அது 356ஆம் பிரிவு. கார் எண் தெரியும் பதிவில் எண்ணை மறைத்துவிடுங்கள். புகார் என்றால் அது போக வேண்டிய இடம் அந்தப் பகுதி உள்ளாட்சி அலுவலகம்.

அம்மாவின் அரசு வேலை ஆசைக்கு வருகிறேன். அங்கே போலீஸ் சரிபார்ப்பில் பெரிதாகப் பார்ப்பது வழக்கு இருக்கிறதா என்பதை. போராட்டத்தில் உட்கார்ந்தவர்கள் மேல் ஏதாவது முதல் தகவல் அறிக்கை போடப்பட்டு அதில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். இருந்தால் படிவத்தில் மறைக்கக் கூடாது. சின்ன வழக்கைவிட அதை மறைத்ததே பலருக்கு வேலையைப் பறித்திருக்கிறது. அவ்தார் சிங் வழக்கில் 2016இல் உச்ச நீதிமன்றம் இதற்கான வழிகாட்டுதல்களைத் தந்தது: வழக்கு அற்பமானதா, எப்படி முடிந்தது, விண்ணப்பிக்கும்போது அவருக்கு அது தெரியுமா என்பதையெல்லாம் வேலை தருபவர் எடைபோட வேண்டும். வேலையில் சேர்ந்த பிறகு 1973ஆம் ஆண்டின் தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகள் பொருந்தும். அப்போது அரசின் கொள்கையைத் திட்டி வீடியோ போட முடியாது. சேரும் முன் போட்டதற்கு அந்த விதிகள் வராது.

கடவுச்சொல்லை யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள். அமெரிக்காவில் மேரிலாந்து மாநிலம் 2012இலேயே வேலை தருபவர் அதைக் கேட்பதைச் சட்டம் போட்டுத் தடுத்தது. வெளிநாடு போகும் எண்ணம் இருந்தால் இன்னொரு செய்தி: அமெரிக்க விசா விண்ணப்பம் 2019 முதல் ஐந்து வருடச் சமூக ஊடகக் கணக்குகளின் பெயர்களைக் கேட்கிறது.

பதில்: அருவங்காடு ஓய்வூதியர்

அம்மா, நான் வெடிமருந்துத் தொழிற்சாலையில் சேர்ந்தபோது போலீஸ்காரர் எங்கள் லைனுக்கு வந்து, தபால்காரரிடமும் டீக்கடையிலும் என்னைப் பற்றி விசாரித்துவிட்டுப் போனார். டீக்கடைக்காரருக்கு நான் பாக்கி வைத்திருந்தேன். அவர் என்ன சொல்லித் தொலைப்பாரோ என்று ஒரு வாரம் தூக்கம் வரவில்லை. இன்றைக்கு உங்கள் தலைமுறைக்காவது என்ன சாட்சி சொல்லப்போகிறார்கள் என்பதை முன்பே எடுத்துப் படித்துப் பார்க்க முடிகிறது.

என் பேரன் ராணுவத்துக்கு முயற்சி செய்கிறான். வெலிங்டன் மைதானத்தைச் சுற்றி ஓடுவதை வீடியோ எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தான். நிறுத்தச் சொன்னேன். 2020 ஜூலையில் ராணுவம் தன் ஆட்களிடம் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் உட்பட 89 செயலிகளை நீக்கச் சொன்னது என்று பேப்பரில் வந்ததை வெட்டி அவன் அறைக் கதவில் ஒட்டிவைத்தேன். கோபித்துக்கொண்டான். உங்கள் விஷயம் வேறு, அம்மா. இலை விலையைப் பற்றிப் பேசியதை மறைக்க வேண்டிய நிலை இந்த மாவட்டத்தில் ஒரு பிள்ளைக்கு வரக் கூடாது.

பதில்: வட்டக்கானல் வீட்டுக்காரர்

பழனி மலையிலிருந்து எழுதுகிறேன். கொடைக்கானலில், வட்டக்கானல் போகும் வழியில் சின்னதாக ஒரு தங்கும் விடுதி நடத்துகிறேன். மேலே சொன்னவர்கள் பெரிய நிறுவனங்களைப் பற்றிப் பேசுகிறார்கள். நீங்கள் ரிசார்ட்டுக்கும் விண்ணப்பித்திருப்பதால் எங்கள் தொழிலில் ஆள் எடுப்பவன் என்ன பார்ப்பான் என்று சொல்கிறேன்.

நான் எல்லோருடைய இன்ஸ்டாகிராமையும் பார்ப்பேன், ஒளிவு மறைவு இல்லாமல் சொல்கிறேன். என் விருந்தினர்கள் அங்கிருந்துதான் வருகிறார்கள், ஆட்களும் அங்கிருந்தே வருகிறார்கள். என் சமையல்காரர் பூம்பாறைக்காரர். மலைப்பூண்டு போட்டு ரசம் வைப்பதை அவர் போனில் எடுத்துப் போட்டிருந்தார். பின்னணியில் பாத்திரங்கள் அடுக்கியிருந்த விதத்தைப் பார்த்தே கூப்பிட்டேன். அவரிடம் ரெஸ்யூமே என்று ஒரு காகிதம்கூடக் கிடையாது.

ஒரே ஒரு விஷயத்துக்கு மட்டும் மன்னிப்பே கிடையாது: விருந்தினர் படம். ஒரு பையன் முன்பு வேலை செய்த இடத்தில் தங்க வந்தவர்களைப் பின்னாலிருந்து எடுத்து, "இன்று எங்கள் ஜோடி" என்று போட்டிருந்தான். நன்றாகப் பேசுவான், மூன்று மொழி தெரியும். வேண்டாம் என்று அனுப்பிவிட்டேன். வருபவர்களில் பாதிப் பேர் வீட்டில் வேறு ஊர் சொல்லிவிட்டு வருகிறார்கள். அது எனக்கு எதற்கு?

அதனால் உங்கள் தேயிலை வீடியோ என்னை ஒன்றும் செய்யாது. அந்தச் சுற்றுலாக்காரர் பதிவுதான் இடிக்கும். நீங்கள் சொன்னது நியாயம். 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்ததே இந்தக் கூட்டத்தால்தான். பேரிஜம் சாலையில் பாட்டில் பொறுக்கி எனக்கும் அலுத்துவிட்டது. ஆனால் ரிசப்ஷனில் உட்காரப்போகும் பெண் சுற்றுலாப் பயணியின் கார் எண்ணோடு திட்டியிருப்பதை முதலாளி பார்த்தால், நாளைக்கு அறையில் துண்டு கிழிந்திருக்கிறது என்று சண்டை போடும் ஆளையும் இவள் போட்டுவிடுவாளோ என்று நினைப்பார். வண்டி எண்ணையும் திட்டையும் எடுத்துவிட்டு, பிளாஸ்டிக் பற்றிய பகுதியை மட்டும் வைத்திருங்கள். அது எங்களுக்குப் பிடிக்கும்.

கணக்கு ஒன்றுமே இல்லாத, அல்லது போன வாரம் தொடங்கிய கணக்கு வைத்திருக்கும் ஆளைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் சந்தேகம் வரும். வயது ஐம்பதுக்கு மேல் என்றால் வராது.

ஹட்டிக்காரி, கட்டபெட்டு

எல்லோருக்கும் நன்றி. அரவேனு அக்கா, மேசைப் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒன்றில் வாடிக்கையாளர் பெயர் அப்படியே படிக்க முடிகிறது. நீக்கிவிட்டேன். கார் எண் பதிவையும் எடுத்தாயிற்று. தேர்தல் சண்டையில் நான் எழுதியது பரவாயில்லை, என் பக்கம் பேச வந்தவர்கள் எழுதியது படிக்கவே கூச்சமாக இருக்கிறது, மொத்தமாக மறைத்துவிட்டேன்.

வழக்கறிஞர் ஐயா, வழக்கு எதிலும் என் பெயர் இல்லை, அப்பாவிடம் கேட்டு உறுதி செய்துகொண்டேன்.

இரண்டு சந்தேகங்கள். நீக்கிய படம் கூகுளில் இன்னும் வருமா? கோவைப் படிவத்தில் இன்ஸ்டாகிராம் முகவரியைக் கொடுக்கட்டுமா, வேண்டாமா? என்னிடம் லிங்க்ட்இன் இல்லை. அதெல்லாம் ஐ.டி. ஆட்களுக்குத்தானே?

பதில்: அரவேனு அக்கா

லிங்க்ட்இன் ஐ.டி. ஆட்களுக்கு மட்டும் என்பது பழைய கதை. கோவையில் பம்ப் கம்பெனிக்கும் நூற்பாலைக்கும்கூட அங்கே ஆள் தேடுகிறேன். இன்றே ஒன்று தொடங்குங்கள். நீளமாக எழுத வேண்டாம். படிப்பு, ஆடிட்டர் அலுவலகத்தில் சேர்ந்த மாதமும் விலகிய மாதமும் ரெஸ்யூமேயில் உள்ளபடியே, தெரிந்த வேலைகள்: டேலி, ஜி.எஸ்.டி. ரிட்டர்ன், வங்கிக் கணக்கு ஒப்பிடுதல். "கடின உழைப்பாளி, குழுவாகச் செயல்படுபவர்" என்றெல்லாம் எழுதியதை இதுவரை நான் படித்ததே கிடையாது. கண் தானாகத் தாண்டிவிடும். அந்த ஆடிட்டரிடம் இரண்டு வரி பரிந்துரை எழுதித் தரச் சொல்லுங்கள். சம்பளம்தான் தரவில்லை, இதையாவது தரட்டும்.

"வேலை தேடுகிறேன்" என்று காட்டும் வசதியில் இரண்டு வகை உண்டு. ஒன்று படத்தைச் சுற்றிப் பச்சை வளையம், எல்லோருக்கும் தெரியும். மற்றொன்று ஆள் தேடுபவர்களுக்கு மட்டும் தெரிவது. உங்களுக்கு இப்போது வேலை இல்லை, பச்சை வளையமே போடலாம். வேலையில் இருந்துகொண்டு தேடுபவர்கள் இரண்டாவதைப் போட வேண்டும். அதிலும் தன் நிறுவனத்துக்குத் தெரியாமல் இருக்கும் என்று முழு உத்தரவாதம் இல்லை என்று லிங்க்ட்இனே சொல்கிறது.

கூகுள் விஷயம்: உங்கள் இன்ஸ்டாகிராம் "கிரியேட்டர்" வகைக் கணக்கா என்று பாருங்கள். 2025 ஜூலை 10 முதல் அப்படிப்பட்ட பொதுக் கணக்குகளின் படங்களையும் ரீல்களையும் கூகுள் தேடலில் காட்ட இன்ஸ்டாகிராம் அனுமதிக்கிறது. அமைப்புகளில் அதை அணைக்க முடியும். சாதாரணக் கணக்கானால் கவலை குறைவு. உங்கள் பெயரை ஊரோடு சேர்த்து, போனில் உள்நுழையாத ஒரு பிரவுசரில் தேடிப் பாருங்கள். நீக்கிய படம் இன்னும் வந்தால், காலாவதியான உள்ளடக்கத்தை அகற்றக் கோரும் பக்கம் கூகுளிலேயே இருக்கிறது. இன்ஸ்டாகிராமில் அழிப்பதற்குப் பதிலாக "ஆர்க்கைவ்" செய்தால் உங்களுக்கு மட்டும் தெரியும், படமும் வீணாகாது. ஃபேஸ்புக் இருந்தால், பழைய பொதுப் பதிவுகளையெல்லாம் ஒரே அடியாக நண்பர்களுக்கு மட்டும் என்று மாற்றும் வசதி அமைப்புகளில் உண்டு. மற்றவர்கள் உங்களை டேக் செய்யும் படங்கள் உங்கள் சம்மதத்துக்குப் பிறகே உங்கள் பக்கத்தில் வரும்படி வைத்துக்கொள்ளுங்கள். பாதிச் சிக்கல் மாமன் மகள்கள் டேக் செய்வதில்தான் வருகிறது.

படிவத்தில் லிங்க்ட்இனை முதலில் எழுதுங்கள். அந்தக் கட்டம் கட்டாயம் இல்லையென்றால் அதோடு விட்டுவிடலாம். நேரில் கேட்டால் இன்ஸ்டாகிராம் இருக்கிறது என்று சொல்லுங்கள். "எனக்குக் கணக்கே இல்லை" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். நான் இரண்டு நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவேன். பிறகு நான் பார்ப்பது கணக்கை அல்ல, பொய்யை.

பதில்: கூடலூர் நண்பன்

பச்சை வளையம் போடுவதற்கு முன் இதையும் படித்துவிடுங்கள். போட்ட ஓரிரு நாளில் டெலிகிராமுக்கும் வாட்ஸ்அப்புக்கும் செய்திகள் வரத் தொடங்கும். "வீட்டிலிருந்தே வேலை, ஹோட்டல்களுக்கு ரேட்டிங் போட்டால் பணம்" என்பார்கள். முதலில் நூறு, இருநூறு ரூபாய் உண்மையாகவே வரும். பிறகு பெரிய வேலைக்கு முன்பணம் கட்டச் சொல்வார்கள். கட்டியது போனதுதான். எங்கள் பக்கம் ஒருவர் பால் மாடு வாங்க வைத்திருந்த பணத்தை இப்படி இழந்தார். உடனே 1930க்கு (இணைய மோசடிப் புகார் எண்) அழைத்ததால் ஒரு பகுதி வங்கியில் முடக்கப்பட்டது.

தாய்லாந்தில் டேட்டா என்ட்ரி வேலை, விமான டிக்கெட் இலவசம் என்று வந்தால் இன்னும் ஆபத்து. இப்படிச் சமூக ஊடக விளம்பரத்தை நம்பிப் போனவர்களை எல்லை தாண்டி மியான்மருக்குக் கடத்தி, இணைய மோசடி வேலையில் அடைத்து வைத்தார்கள். தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் அதில் இருந்தார்கள். 2022 செப்டம்பரில் வெளியுறவு அமைச்சகமே எச்சரிக்கை வெளியிட்டது. வெளிநாட்டு வேலை என்றால் அந்த ஏஜென்ட் வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் தளத்தில் பதிவு பெற்றவரா என்று பார்க்காமல் பாஸ்போர்ட்டைக் கையில் கொடுக்காதீர்கள்.

நேர்காணலுக்கு முன்பே ஆதார், பான், வங்கிக் கணக்கு கேட்பவர், "சீருடைக்கு" என்று பணம் கேட்பவர் எல்லாம் ஒரே ரகம்.

பதில்: லேம்ஸ்ராக்

சரி, அழிக்க வேண்டாம் என்றே வைத்துக்கொள்வோம். குன்னூரில் தேயிலைக் கம்பெனி வேலை இனிக் கிடைக்காது என்பதை மட்டும் யாரும் மறுக்கவில்லை.

பதில்: அரவேனு அக்கா

எல்லாக் கம்பெனியிலும் கிடைக்காது என்று சொல்ல மாட்டேன், சிலவற்றில் கிடைக்காது. மறுக்கவில்லை.

ஹட்டிக்காரி, கட்டபெட்டு

லிங்க்ட்இன் தொடங்கிவிட்டேன். ஆடிட்டர் சார் பரிந்துரை எழுதித் தருவதாகச் சொன்னார்; மார்ச் முடியட்டும் என்றார். வீடியோவை மேலே பொருத்தி வைக்க அப்பா சம்மதிக்கவில்லை, நோட்டில் அவருடைய கடன் கணக்கும் தெரிகிறதாம். அந்தப் பக்கம் வரும் பகுதியை வெட்டிவிட்டு மறுபடி ஏற்றப்போகிறேன். கோவை நிறுவனத்துக்கு லிங்க்ட்இன் முகவரியோடு படிவம் அனுப்பியாயிற்று. ரிசார்ட்டில் இந்த வாரம் வரச் சொல்லியிருக்கிறார்கள். வட்டக்கானல் அண்ணா, வரவேற்புப் பிரிவு நேர்காணலில் வேறு என்ன கேட்பார்கள்?

பதில்: வட்டக்கானல் வீட்டுக்காரர்

இரவு ஷிப்ட் முடிந்தால் கட்டபெட்டுக்கு எப்படிப் போவீர்கள் என்று கேட்பார்கள். அதற்கு முன் நீங்கள் கேளுங்கள்: வண்டி அவர்கள் தருகிறார்களா, தங்குமிடம் உண்டா, சீசனில் வார விடுமுறை உண்டா. சீசனில் விடுமுறை கிடைக்காது, நானும் கொடுப்பதில்லை. அதற்குப் பதிலாக ஜூலையில் சேர்த்துக் கொடுப்பார்களா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.